கேரியர் எட்டும் தூரம்

சனிக்கிழமை காலை முன்னறையில் கூடியவர்கள் ஆறு பேர். ஜன்னலோரப் பிரம்பு நாற்காலியில் மாமனார். அதில் வேறு யாரும் உட்காருவதில்லை. தெரியாமல் உட்கார்ந்தாலும் அவர் பக்கத்தில் வந்து நின்று இருமியே எழுப்பிவிடுவார். சோபாவின் நடுவில் நாத்தனார், மடியில் கைப்பை, பைக்கு மேல் கண்ணாடிக் கூடு. பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமையாசிரியை என்பதால் அவர் எங்கே உட்கார்ந்தாலும் அந்த இடம் விசாரணை நடக்கிற இடமாகிவிடும். சோபாவின் ஓரத்தில், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகிற வசதியோடு, பாதி உடம்பை மட்டும் வைத்துக்கொண்டு கணவன். வாசற்பக்கம் பிளாஸ்டிக் ஸ்டூலில் கோச் அக்கா. கழுத்தில் ஸ்டாப்வாட்ச், விடுமுறை நாளிலும் அது இறங்காது. தரையில் இடது கை மாவுக்கட்டோடு மகள் பட்டாசு. எட்டு வயது. வாய் ஓயாததால் வந்த பெயர்.

ஆறாவது ஆள் உட்காரவில்லை. எல்லாருக்கும் டீ கொடுத்த தட்டை இன்னும் கையில் வைத்தபடி சமையலறை நிலையில் சாய்ந்து நின்றாள். கூட்டமே அவளைப் பற்றித்தான். ஆஸ்பத்திரியில் துணி அறை வேலை. வீட்டில் மருமகள், மனைவி, அம்மா என்று ஆளுக்கொரு முறை சொல்லிக் கூப்பிட்டார்கள். தெருவுக்கு மட்டும் அவள் ‘வாத்து’.

அவள் விளையாடுவது நடைப்போட்டி. ஓட்டப்பந்தயம் மாதிரிதான், ஓடக் கூடாது என்பது ஒன்றுதான் வித்தியாசம். எந்நேரமும் ஏதாவது ஒரு கால் தரையில் இருக்க வேண்டும். முன்னால் ஊன்றுகிற காலின் முழங்கால், உடம்பு அதன் மேல் வந்து நிற்கும்வரை மடங்கக் கூடாது. மீறினால் நடுவர் சிவப்பு அட்டையை எழுதுவார்; மூன்று சேர்ந்தால் வெளியே. இவ்வளவுக்கும் கட்டுப்பட்டு வேகமாகவும் போக வேண்டுமென்றால் இடுப்பு இப்படியும் அப்படியும் சுழன்றே தீரும். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வந்தே தீரும். தெருப் பையன்கள் இடுப்பை ஆட்டிக்கொண்டு பின்னாலேயே வருவார்கள். முதலில் கோபப்பட்டாள். பிறகு, அவர்களில் சிவப்புச் சட்டைக்காரன் முழங்காலை மடக்காமல் நன்றாகவே நடக்கிறான் என்று கவனிக்கிற அளவுக்குப் பழகிவிட்டது.

டீப்பாயில் தடகளச் சங்கத்துத் தாள் கிடந்தது. தேசிய அணிக்கான தேர்வுப் போட்டிக்கு அவள் பெயர் வந்திருந்தது. வருவதாக இருந்தால், கோச்சும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம் இன்றைய தபாலில் போக வேண்டும். போகாவிட்டால் அந்த இடம் அடுத்தவளுக்கு. அவளுக்கு வயது முப்பத்தைந்து. இன்னொரு தடவை பெயர் வரும் என்று கோச்கூடச் சொல்லவில்லை, ஆறுதலுக்காவது சொல்லியிருக்கலாம்.

வேறு சமயமாக இருந்தால் தாள் வந்த அன்றே பதில் போயிருக்கும். கூட்டம் போட வைத்தது மாவுக்கட்டு.

நடந்தது இதுதான். வீட்டுக்கு முன்னால் இருக்கிற சாலை நல்ல சரிவு. அடிவாரத்தில் குடியிருப்பின் இரும்பு கேட், அதைத் தாண்டினால் மெயின் ரோடு. போன வாரம் ஒரு சாயங்காலம் அவள் பயிற்சி முடித்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேலே ஏறி வந்துகொண்டிருந்தாள். பட்டாசு சைக்கிளில் எதிரே கத்திக்கொண்டு வந்தாள். அவள் எப்போதும் கத்துகிறவள் என்பதால் அம்மா சிரித்தாள். தன்னைக் கடந்து போகும்போதுதான் பார்த்தாள்: குழந்தையின் இரண்டு கையும் பிரேக்கை இறுக்கிப் பிடித்திருக்கின்றன, சைக்கிள் நிற்கவில்லை. பையைப் போட்டுவிட்டுப் பின்னால் போனாள்.

போனாள் என்றால், நடந்து போனாள். முழங்கை மடங்கி, இடுப்பு சுழன்று, குதிகால் முதலில் பதிந்து, முழங்கால் நேராக, மைதானத்தில் எப்படியோ அப்படியே. சைக்கிளின் பின்னால் இருக்கும் கேரியர் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் கொஞ்ச நேரம் இருந்தது. பிறகு ஒரு முழம் கூடியது, அப்புறம் எட்டவில்லை. சைக்கிள் கேட்டின் இரும்புத் தூணில் மோதியது. கை எலும்பு முறிந்தது. தலை தப்பியது.

கேட்டுக்கு அடுத்த செல்போன் ரிப்பேர் கடையில் கேமரா இருந்தது. கடைக்காரர் நல்ல மனதோடு அந்தக் காட்சியை மாமனாருக்கு அனுப்பினார். மாமனார் எந்த மனதோடும் இல்லாமல், கை பட்டு, குடும்ப குரூப்பில் போட்டுவிட்டார். அங்கிருந்து அது கால் முளைத்துப் போயிற்று. அதுவாவது ஓடியது என்று பிறகு யாரோ சொன்னார்கள்.

துணி அறைக்கும் போயிருந்தது. அங்கே படுக்கை விரிப்புகளை இரண்டு பேராகத்தான் மடிப்பார்கள். ஆளுக்கு இரண்டு முனை. விலகிப் போய் உதறி, நெருங்கி வந்து சேர்த்து, மறுபடி விலக வேண்டும். உலர்த்தும் இயந்திரத்தின் சூடு முகத்தில் அடிக்க, ஜோடியாக மடிக்கிற மூத்த அக்கா அன்று விரிப்புகளை வழக்கத்தைவிட வேகமாக உதறிக்கொண்டிருந்தாள். பிறகு ஒரு விரிப்பின் முனையைக் கொடுக்க நெருங்கி வந்தபோது, “ஏன்மா, நீ ஏன் ஓடலை?” என்று கேட்டாள். குத்தலாக அல்ல, நிஜமாகத் தெரிந்துகொள்ள. மற்றவர்கள் சிரித்தார்கள், இல்லை சமாதானம் சொன்னார்கள். கேள்வியாகக் கேட்டவள் அவள் ஒருத்திதான். அந்த விரிப்பு கோணலாக மடிந்து, பிரித்து மறுபடி மடிக்க வேண்டியிருந்தது.

பள்ளியில் அவள் ஓட்டக்காரியாகத்தான் இருந்தாள். சுமாரான ஓட்டக்காரி. ஒரு வருஷம் நடைப்போட்டிக்கு மூன்று மெடல் வைத்திருந்தார்கள், பெயர் கொடுத்தது இரண்டே பேர். விளையாட்டு வாத்தியார் சுற்றும் முற்றும் பார்த்து, கண்ணில் பட்ட இவளைப் பிடித்துப் போட்டார். முடித்தாலே மெடல் என்றார். முடித்தாள். அன்று தொற்றிக்கொண்டதுதான். பிறகு இந்தக் கோச்சிடம் வந்து சேர்ந்தபோது முதல் நாளே ஒரு கட்டளை: ஓடக் கூடாது. பஸ்ஸுக்காக ஓடக் கூடாது, மழைக்காக ஓடக் கூடாது, பால் பொங்கினால் பொங்கட்டும். “உடம்புக்கு ரெண்டு பாஷை சொல்லிக் குடுத்தா அவசரத்துல தப்பானது வாயில வரும்” என்பது கோச்சின் பாடம். அவள் எத்தனையோ பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறாள். கல்யாணத்துக்கு முன்னால் கணவன் முதன்முதலில் அவளைப் பார்த்ததே, கொட்டுகிற மழையில் குடையில்லாமல் நிதானமாக நடந்து போகும்போதுதான். என்ன ஒரு அமைதியான பெண் என்று நினைத்து ஏமாந்துவிட்டதாக அவன் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறான்.

நாத்தனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆரம்பித்தார். தனக்கு இவள்மேல் எந்தக் காழ்ப்பும் இல்லை என்றார். போன மெடலுக்குப் பள்ளிக்கூடத்தில் சாக்லேட் கொடுத்ததே தான்தான் என்றார். ஆனால் ஒரு விளையாட்டு என்பது விளையாட்டாக இருக்க வேண்டும், பெற்ற பிள்ளை விழும்போதுகூட விடாமல் பிடித்துக்கொள்கிற ஒன்றை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது என்று கேட்டார். சாட்சிக்கு வீடியோவைப் போட்டார்.

கோச் அதுவரை அதைப் பார்த்ததில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். முடிந்ததும் இன்னொரு தடவை ஓட்டச் சொன்னார். பார்த்துவிட்டு, தன்னை மறந்து சொன்னார்: “முழங்கால் ஒரு தடவைகூட மடங்கலை பாருங்க. இந்தச் சரிவுல.”

கோச் தான் சொன்னது காதில் விழுந்தவர்போல ஸ்டூலைப் பழைய இடத்துக்கே தள்ளிக்கொண்டு போனார்.

கணவன் அவளுக்காகப் பேசினான். பிரேக் கம்பியை மாற்றித் தருகிறேன் என்று சொல்லிச் சொல்லித் தள்ளிப்போட்டது தான்தான், திட்டுவதானால் முதலில் தன்னைத் திட்டுங்கள் என்றான். அதோடு, கடைக்காரரும் மெயின் ரோட்டின் எதிர்ப்பக்கத்திலிருந்து ஓடித்தானே வந்தார், அவர் இவளுக்குப் பின்னால்தானே வந்து சேர்ந்தார், அப்புறம் நடந்தால் என்ன ஓடினால் என்ன என்று கேட்டான். மாமனாரும் சேர்ந்துகொண்டார். அவர் ஓய்வுபெற்ற லிஃப்ட் ஆபரேட்டர். “நான் உத்தியோகம் பூரா மேலயும் கீழயும் போனேன், ஒரு அடி முன்னால போனதில்ல. அவ முன்னால போறா. போகட்டுமே.”

“போகட்டும்னுதான் நானும் சொல்றேன்பா. எங்க போறான்னு கேக்கறேன்” என்றார் நாத்தனார்.

அப்போதுதான் அவள் தட்டைக் கீழே வைத்தாள். “ஓடியிருந்தா பிடிச்சிருப்பேன், அண்ணி. கை எட்டற தூரத்துலதான் கேரியர் போச்சு. இவர் எனக்காகச் சொல்றார். ஆனா நான் பிடிச்சிருப்பேன்.”

“அப்புறம் ஏன் ஓடலை?” என்று கேட்டவள் பட்டாசு.

“ஓடறதுன்னு ஒண்ணு இருக்கிறதே ஞாபகம் வரலைடா” என்றாள்.

நாத்தனார் கண்ணாடியைக் கழற்றினார். கொஞ்ச நேரம் அதைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, விசாரணைக் குரலை விட்டு வேறொரு குரலில் கேட்டார், அந்த நடை உனக்குப் பிடிக்குமா பிடிக்காதா, அதையாவது சொல்லு என்று. இத்தனை வருஷத்தில் இதை யாரும் கேட்டதில்லை. ஜெயிப்பாயா என்று கேட்டிருக்கிறார்கள்.

அவள் யோசித்துச் சொன்னாள். “பிடிக்கலை, அண்ணி. கால் நகமெல்லாம் கறுத்துப் போச்சு. நல்ல செருப்பு போட்டு ஒரு விசேஷத்துக்குப் போக முடியலை. நடுவர் பின்னாலேயே கண்ணைக் கால்ல வச்சுட்டு வருவார், திருடனைப் பார்க்கிற மாதிரி. ரோட்டுல சிரிக்கிறாங்க. நாளைக்கே இது உலகத்துல இல்லாம போச்சுன்னா நான் அழமாட்டேன். ஆனா காலையில, உடம்பு சூடேறினப்புறம் ஒரு நேரம் வரும். இடுப்பு தானா சுத்தும். நான் நடக்கற மாதிரியே இருக்காது, ரோடு எனக்குக் கீழ நகர்ற மாதிரி இருக்கும். அது கொஞ்ச நேரம்தான். அதுக்காக மத்த எல்லாத்தையும் பொறுத்துக்கிறேன். சில நாள் அதுவும் வர்றதில்ல. வெறும் நகம்தான்.”

கோச் தலையைக் குனிந்துகொண்டார். அவரும் ஒரு காலத்தில் நடந்தவர்.

முடிவு எதுவும் எட்டப்படவில்லை. டீ ஆறிப்போயிருந்தது. அப்போது பட்டாசு, அம்மா பிடித்திருப்பாளா மாட்டாளா என்று சும்மா பேசிக்கொண்டிருப்பதைவிட சைக்கிளை விட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றாள். சைக்கிள் சரி செய்து வந்துவிட்டது, பிரேக்கும் புதிது. கை முறிந்தவளே சொல்வதால் யாரும் மறுக்கவில்லை. நாத்தனாருக்குமே சோதனை என்றால் ஒரு ஈடுபாடு உண்டு.

எல்லாரும் சரிவுக்கு வந்தார்கள். மாமனார் அடிவாரத்தில் கேட்டைச் சாத்தி அதன் முன்னால் காவல் நின்றார். சைக்கிளில் உட்கார்ந்தவன் கணவன். குழந்தை சைக்கிள், முழங்கால் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் வந்தன. பட்டாசு சிரித்துச் சிரித்து மாவுக்கட்டைச் சுவரில் இடித்துக்கொண்டாள். மிதிக்கக் கூடாது, காலைத் தூக்கிக்கொண்டு தானாக உருள விட வேண்டும், தேவையானால் மட்டும் பிரேக் என்று நாத்தனார் விதிமுறைகளைச் சொன்னார். குழந்தையைவிட இவன் கனம் கூட, வேகமும் கூடத்தான் இருக்கும், அது இவளுக்குப் பாதகம் என்பதையும் முன்கூட்டியே பதிவு செய்தார்.

முதல் தடவை சைக்கிள் அவளைக் கடந்தது. அவள் கிளம்பினாள். நடந்தாள். பாதி தூரம் போன பிறகுதான் தான் நடப்பது அவளுக்கே தெரிந்தது. நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். மேலே நின்ற கோச்சின் கை பழக்கத்தில் ஸ்டாப்வாட்ச்சை அழுத்தியிருந்தது.

இரண்டாவது தடவை ஓடினாள். ஓட்டம் என்று அதைச் சொல்லக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். கைகள் ஒரு கணக்கில் போயின, கால்கள் வேறு கணக்கில். இரண்டு காலும் ஒரே சமயத்தில் தரையை விட்ட போதெல்லாம் யாரோ அட்டை தூக்கப்போகிறார்கள் என்பதுபோல அவள் முகம் பக்கவாட்டில் திரும்பியது. “அம்மா கொக்கு மாதிரி ஓடறா” என்றாள் பட்டாசு. கேரியர் போய்விட்டது.

மூன்றாவது தடவை முகம் திரும்பவில்லை. சரிவின் நடுவில் ஏதோ ஒன்று அவிழ்ந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் கடைசி வரிசையில் ஓடிய சுமாரான பெண்ணின் கால்கள் எங்கிருந்தோ திரும்பி வந்தன. கை நீண்டது, கேரியரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். சைக்கிள் நின்றது, கணவன் நிற்கவில்லை, ஹேண்டில்பாருக்கு மேலாக இறங்கி நாலு எட்டு ஓடி மாமனாரின் கையில் போய்ச் சேர்ந்தான்.

பட்டாசு கூச்சல் போட்டாள். மற்றவர்கள் யாரும் போடவில்லை. அவள் பிடித்த இடம் கேட்டுக்கு வெகு முன்னால், தூணிலிருந்து ஒரு வீட்டு அகலம் தள்ளி. ஆக, பிடித்திருப்பாள். இப்போது எல்லாருக்கும் சந்தேகமில்லாமல் தெரிந்துவிட்டது. அவள் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள். கேரியரின் கம்பி உள்ளங்கையில் சிவப்பாகப் பதிந்திருந்தது.

நாத்தனார் இறங்கி வந்து, கைப்பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திறந்து கொடுத்தார். “நான் சொன்னது சரின்னு ஆச்சு. அதுல எனக்கு ஒரு சந்தோஷமும் இல்ல” என்றார். பிறகு, சேலை அழுக்காகும் என்று பார்க்காமல் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

கோச் நின்றபடியே பேசினார். இன்றைக்கு ஓடியது போகட்டும், இனிமேல் வேண்டாம், தேர்வுக்கு நாள் நெருங்கிவிட்டது, ஓட்டம் உடம்பில் ஏறினால் கால் தூக்கும், கால் தூக்கினால் நடுவர் கண்ணுக்குத் தப்பாது என்றார். உண்மைதான் என்பது அவளுக்குத் தெரியும். தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னாள்: “தேர்வுக்கு வர்றேன், அக்கா. ஆனா தினமும் சாயங்காலம் இந்தச் சரிவுல இவளோட ஓடப் போறேன். கட்டு பிரிக்கிறவரைக்கும் தனியா ஓடறேன். எனக்கு ரெண்டு பாஷையும் வேணும்.”

“அட்டை விழும்.”

“விழட்டும். வெளிய வந்துடறேன்.”

“ஒரு வாய்ப்புதான் இருக்கு உனக்கு. அதை வச்சுட்டு விளையாடறே.”

“விளையாட்டுதானே, அக்கா” என்றாள் அவள். நாத்தனார் பக்கத்தில் இருமினார். சிரிப்பை மறைக்கிற இருமல் அது.

வீட்டுக்குள் வந்து டீப்பாயில் வைத்துக் கடிதம் எழுதினாள். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தபடி அனுப்புநர், பெறுநர், ஐயா, வணக்கம் எல்லாம் அதனதன் இடத்தில். தேர்வுப் போட்டிக்கு வரச் சம்மதம் என்று எழுதினாள். அடுத்த பத்தியில், தான் இப்போது நடைப்பயிற்சியோடு ஓட்டமும் செய்துவருவதாகவும், போட்டியன்று தன் கால்கள் தரையை விட்டால் நடுவர்கள் தயங்காமல் அட்டை எழுதலாம் என்றும், தான் அதை எதிர்த்து முறையீடு செய்யப் போவதில்லை என்றும் எழுதினாள்.

கோச் படித்துவிட்டு, இதெல்லாம் சங்கத்துக்கு எதற்கு, அவர்கள் கேட்டது வருவாயா மாட்டாயா என்பதை மட்டும்தானே, அடுத்த பத்தியை அடித்துவிடு என்றார். அடிக்க மாட்டேன் என்றாள். நாத்தனார் வாங்கிப் பார்த்து, கருத்து எப்படியோ, கடிதத்தில் பிழை இல்லை என்று தீர்ப்புச் சொன்னார். கோச் பேனாவை எடுத்தார், வைத்தார். பட்டாசு குறுக்கே வந்து மாவுக்கட்டை நீட்டி, முதலில் இதில் போடுங்கள், எல்லாரும் போட்டுவிட்டார்கள், நீங்கள்தான் பாக்கி என்றாள். கோச் அதில் கையெழுத்துப் போட்டார். போட்ட கையோடு கடிதத்தின் அடியிலும் போட்டு, அதற்குக் கீழே பொடி எழுத்தில் ஒரு வரி சேர்த்தார்: ‘நடப்பதற்குச் சம்மதம். ஓடுவதற்கு எனக்குச் சம்மதம் இல்லை.’

“அதுவும் இருக்கட்டும்” என்றாள் அவள்.

வீட்டுக் கோந்து பாட்டில் காய்ந்து கல்லாகி இருந்தது. நாத்தனாரின் கைப்பைக்குள் பசை டியூப் இருந்தது. அவரே உறையின் ஓரத்தில் சீராகத் தடவி, மடித்து, கண்ணாடிக் கூட்டை வைத்து அழுத்தி ஒட்டினார். கணவன் தபால்தலையை ஒட்டினான். மாமனார் அதற்குள் ஜன்னல் வழியாகப் பார்த்து, மெயின் ரோட்டு மருந்துக் கடைத் தபால்பெட்டிக்கு முன்னால் தபால் வண்டி வந்து நின்றுவிட்டது என்றார்.

அவள் உறையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். சரிவின் மேலிருந்து பார்த்தபோது தபால்காரர் பெட்டியைத் திறந்து, கடிதங்களைப் பைக்குள் வாரிப் போட்டுவிட்டு, கதவைப் பூட்டிக்கொண்டிருந்தார். அவள் ஓடினாள். தெருப் பையன்கள் விளையாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். எப்படிக் கேலி செய்வது என்று அவர்களுக்குச் சட்டென்று தெரியவில்லை. கேட்டைத் தாண்டி, மூச்சு வாங்க வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்று உறையை நீட்டினாள்.

“எதுக்கும்மா இந்த ஓட்டம்?” என்றார் தபால்காரர். “கூப்பிட்டா நிக்கமாட்டேனா? நடந்தே வந்திருக்கலாமே.”

உறையை வாங்கிப் பைக்குள் போட்டு, பை வாயைச் சுருக்கிக் கட்டி, வண்டியை எடுத்தார்.